ஆறாம் தடம்

ஞாயிறு காலை ஆறரை, ஸ்காபரோ.
வெளியே மைனஸ் பதினெட்டு.
உள்ளே குளோரின் மணக்கும் வெக்கை.
பெற்றோர் முறை வைத்து நேரம் பார்க்க வேண்டும்;
எனக்கு ஆறாம் தடம்.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, பென்சில்.
காலில் கடைக்குப் போகும் அதே சப்பாத்து,
இப்போதே நனைந்துவிட்டது.

சாம்பவி ஐந்தாம் தடத்தில்.
"அங்கே பார்த்தால் இங்கே பிந்தி அழுத்துவாய்"
என்றாள் பக்கத்தில் நின்ற போலந்துக்காரி.
வேடிக்கையாகத்தான் சொன்னாள்.
எனக்குச் சுருக்கென்றது.

பதினொரு வருடமாக
நான் பார்த்ததெல்லாம் அடுத்தவர் தடம்.
எதிர்க்கடைக்காரர் குவளையில் படம் அச்சிட்டார்,
நாங்களும் குவளை.
அவர் ரீசேர்ட், நாங்களும் ரீசேர்ட்.
கல்யாணக் கார்ட், பிறந்தநாள் பனர், வானுக்கு ஸ்டிக்கர்,
பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஸ்டூலும் வெள்ளைத் திரையும்.
முகப்புக் கண்ணாடியில்
குகநேசன் தன் கையால் வெட்டி ஒட்டிய எழுத்து:
இங்கு எல்லாம் செய்து தரப்படும்.
எல்லாவற்றிலும் நாங்கள் நாலாவது.

மகளும் அப்படித்தான்.
நாலு நீச்சலும் கலந்த இருநூறு மீற்றரில்
மூன்று வருடம் நாலாவது.
அவளுக்குப் பிடித்தது வண்ணத்துப்பூச்சி;
தோள் எழும்பும் அழகே அழகு,
கடிகாரத்துக்கு அழகு தெரியாது.
செப்டம்பரில் கோச் ஹெதர் ஒரு வரி எழுதி அனுப்பினாள்:
இனி ப்ரெஸ்ட் மட்டும்.
இரண்டு நாள் அறைக் கதவு திறக்கவில்லை.
"உள்ளதிலேயே மெதுவான நீச்சல் அம்மா.
தவளை மாதிரி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என்னிடமும் ஒரு தவளை இருந்தது.

சனம் எங்களைத் தேடி வருவது
ஒன்றே ஒன்றுக்கு: கல்வெட்டு.
முப்பத்தோராம் நாளுக்குள் கைக்கு வரவேண்டிய நினைவு மலர்.
தேவாரத்தில் ஒற்றுப் பிழை இருக்கக்கூடாது,
மருமக்களில் ஒரு பெயர் விடுபடக்கூடாது,
லண்டன் தம்பிக்கும் பாரிஸ் அக்காவுக்கும்
பேச்சுவார்த்தை இல்லை என்பதை மோப்பம் பிடித்து
இருவர் படத்தையும் ஒரே அளவில் வைக்கவேண்டும்,
ஒன்றரை நாளில்.
ஒஷாவாவிலிருந்தும் வருவார்கள்.

குகநேசனுக்கு அது ஆகாது.
"செத்த வீட்டில் பிழைக்கிறதோ?" என்பார்,
கல்யாணக் கார்டுகளை முன்தட்டில் அடுக்குவார்.
கணக்குக் கொப்பி என்னிடம்.
குவளை மெஷினின் தவணையை
மாதாமாதம் செத்தவர்கள்தான் கட்டுகிறார்கள்.

விசில்.
எட்டுப் பிள்ளைகளையும் தண்ணீர் விழுங்குகிறது.
ஒரு கணம் களவாகப் பார்த்தேன்:
மற்றவர்கள் மேலே வந்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்,
அவள் இன்னும் அடியில்,
ஒரு இழுப்பு, ஒரு உதை,
பிறகு நீட்டி நிமிர்ந்து சும்மா.
அந்தச் சும்மாவைத்தான்
நாலு மாதம் விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பழகினாளாம்.

அதன்பின் ஆறாம் தடம் மட்டும்.
அமேலி என்றொரு பிள்ளை, மஞ்சள் தொப்பி.
இரண்டு கையும் சுவரில் பட்டதும் அழுத்தினேன்.
ஒன்று இருபத்திரண்டு புள்ளி நாற்பத்தேழு.
எழுதி முடித்துத்தான் தலை நிமிர்ந்தேன்.
பலகையில் ஐந்துக்கு நேரே 2 என்றிருந்தது.
என் மகள் சுவரைத் தொட்டதை நான் காணவில்லை.

காரில் ஈரத்தலையோடு சொன்னாள்,
"இப்பவும் எனக்கு இது பிடிக்கேல்லை."
கொஞ்சம் கழித்து,
"அடுத்த மாதம் முதலாவது வருவன்."
ஹீட்டரைக் கூட்டினேன்.

பின்னேரம் கடையில் ஒருவர்
மகனின் பிறந்தநாளுக்கு முப்பது குவளை கேட்டார்.
எதிர்க்கடையைக் கை காட்டினேன்.
இருநூற்று நாற்பது டொலர் கதவைத் திறந்து
குளிருக்குள் போனது.
வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

ஹெயார் ட்ரையரால் சூடு காட்டிச் சுரண்டினால்
பசை விடும்.
'எல்லாம்' மட்டும் உரிந்து வந்தது.
'இங்கு' என்பதற்கும் 'செய்து தரப்படும்' என்பதற்கும் நடுவில்
ஒரு முழம் வெறும் கண்ணாடி,
அதற்குள்ளால் பனி கொட்டுவது தெரிகிறது.

குகநேசன் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.
அங்கே என்ன ஒட்டுவது என்று
இன்னும் கேட்கவில்லை.